எல்லோரும் முட்டை ஆகலாம்

மனித முகம் ஏழு வகைப்படும்: முட்டை, வட்டம், சதுரம், நீட்டம், இதயம், வைரம், முக்கோணம். ஆறு என்று சொல்கிற அழகுக்கலை நிபுணரும் உண்டு, ஒன்பது என்று சொல்கிறவரும் உண்டு. எண்ணிக்கையில்தான் சண்டை, முதலிடம் யாருக்கு என்பதில் சண்டையே கிடையாது. முட்டைக்குத்தான். முட்டை முகக்காரர்களுக்கு எந்த முடிவெட்டும் பொருந்தும், எந்த பிரேமும் பொருந்தும் என்று ஒரே வரியில் ஆசீர்வாதம் செய்து அனுப்பிவிடுவார்கள். மிச்சமுள்ள ஆறு சாதிக்குத்தான் பக்கம் பக்கமாக வைத்தியம். வட்டமா, நீளமாகக் காட்டு. நீளமா, அகலமாகக் காட்டு. சதுரமா, முனையை மழுக்கு. எந்த வழியாகப் போனாலும் கடைசியில் இறங்கும் ஊர் ஒன்றுதான்: நீயும் முட்டையாகிவிடு.

இந்தச் சாத்திரம் என் வீட்டுக்குள் நுழைந்தது அக்கா மகள் கல்யாணத்தை ஒட்டி. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் மூக்குக்கண்ணாடியின் மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். நாற்காலி என்பது உட்காருவதற்குத்தானே என்பது அவர் கட்சி. புதுக் கண்ணாடி வாங்கியாக வேண்டும் என்றானதும் என் மகள், அதோடு முடி, அதோடு மேக்கப் என்று திட்டத்தை விரித்துவிட்டாள். "முதல்ல உன் ஃபேஸ் ஷேப் என்னன்னு கண்டுபிடிம்மா. அப்புறம்தான் மத்ததெல்லாம்." ஐம்பதை நெருங்கும்வரை ஷேப் தெரியாமலே சமைத்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறேன் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கண்டுபிடிக்க வழிகள் உண்டு. தையல் டேப்பால் நெற்றி அகலம், கன்ன எலும்பின் அகலம், தாடை அகலம், பிறகு முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை நீளம் என்று அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வழி. எனக்கு மூன்று அகலமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. "எனக்கும் பாரேன்" என்று வீட்டுக்காரரும் வந்து நின்றார். டேப்பை முகவாயில் வைத்து மேலே கொண்டுபோனேன். நெற்றி போயிற்று, உச்சி போயிற்று, பின்பக்கம் இறங்கிப் பிடரியை நெருங்கும்போதுதான் முடி தொடங்கியது. விதிப்படி பார்த்தால் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நீளமான முகம் அவருடையதுதான். நீள முகக்காரர்கள் நெற்றியில் முடி விழும்படி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்தது. அதை நான் வாசித்துக் காட்டவில்லை.

இரண்டாவது வழி, நிலைக்கண்ணாடி முன் அசையாமல் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் முகத்தைச் சுற்றி சோப்பால் கோடு போடுவது. போட்டுவிட்டு அளந்து பார்த்தால் என் முகம் நிஜத்தில் பாதிதான் இருந்தது. சோப்பின் கோளாறு இல்லை. கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும் கண்ணாடிப் பரப்பில் நம் முகத்தின் கோடு பாதி அளவில்தான் விழும். ஒளியின் கணக்கு அப்படி. அந்தக் கோட்டுக்குள் மகள் முகத்தை வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. வீட்டுக்காரர் வைத்தார், காதுகள் மட்டும் வெளியே நின்றன.

மூன்றாவது வழி செல்ஃபி. இதை நம்பி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடக் கூடாது. கையெட்டும் தூரத்தில் எடுக்கும் படத்தில் கேமராவுக்கு அருகில் இருப்பது மூக்குதான், அதனால் அது மட்டும் பருத்துத் தெரியும். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைக் குறைக்கச் சொல்லி வந்தவர்களைச் சமாளிக்கவே அந்தக் கணக்கு. கையை நீட்டாமல் ஆளை நீட்டி, ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி எடுத்துக்கொள்வது உத்தமம்.

மூன்று வழியிலும் எனக்கு மூன்று முகம் வந்தது. பார்லர் பெண் என்னைப் பார்த்ததும் "உங்களுக்கு ரவுண்ட் ஃபேஸ்க்கா" என்றாள். கண்ணாடிக் கடைத் தம்பி "ஸ்கொயர் ஃபேஸ் மேடம்" என்றான். அவன் பின்னால் இருந்த அலமாரி முழுக்க வட்ட பிரேம்கள். அத்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுக்கு என்ன ஆராய்ச்சி? உங்கப்பன் மூஞ்சி" என்றார்.

முட்டை ஆசை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பழி போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் இந்தியச் சிற்பத்தின் உடலமைப்பு பற்றி 1914-ல் ஒரு சிறு நூல் எழுதினார். முகத்துக்கு அவர் சொல்லும் வடிவங்களில் ஒன்று கோழிமுட்டை, இன்னொன்று வெற்றிலை. கும்பகோணத்துக்காரிக்கு இது பெரிய ஆறுதல். எங்கள் வெற்றிலை 2025-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அகன்ற நெற்றியும் கூரிய முகவாயுமாக இருக்கிறவர்களை இனிமேல் யாராவது ஹார்ட் ஷேப் என்று சொன்னால் கொழுந்து வெற்றிலை என்று திருத்தலாம்.

பக்கத்தில் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து மடித்தே விக்கிரகத்துக்கு அளவு வைத்துவிடுவார்கள். முகத்தை மூன்று சம பாகமாக்கி நெற்றிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, மூக்கின் கீழிருந்து முகவாய் வரை ஒன்று. உத்தம தச தாலம் என்ற அளவு முறையில் விக்கிரகத்தின் மொத்த உயரம் 124 பங்கு. ஓலையில் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் அவர்கள் திருத்துவதெல்லாம் மெழுகில். மெழுகை உருக்கி வெளியேற்றி வெண்கலம் ஊற்றிய பிறகு அரத்தால் ராவலாம், உளியால் செதுக்கலாம், தாடையை மாற்ற முடியாது. பார்லருக்கு நாம் போவதோ வார்த்து, ஆறி, நாற்பது ஐம்பது வருஷம் புழங்கிய பிறகு.

முடி விஷயத்தில் மட்டும் இந்த வடிவ சாத்திரத்துக்குச் சாட்சி உண்டு. 1960-ல் வந்த ‘லவ் இன் சிம்லா' இந்திப் படத்துக்காக சாதனா என்ற புதுப் பெண்ணைப் பிடித்தார்கள். நெற்றி அகலமாக இருந்தது. இயக்குநர் ஆர்.கே. நய்யார், ஆட்ரி ஹெப்பர்னைப் போல முன்முடியை வெட்டி நெற்றியில் விடச் சொன்னார். ஒரு பெண்ணின் நெற்றியை மறைக்க வந்தது அந்த வெட்டு. நெற்றி சின்னதாக இருந்தவர்களும் ‘சாதனா கட்' கேட்டு வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கு எழுதிய மருந்தை ஊரே குடித்த மாதிரி. நம் ஊரில் அதற்கு முன்பே பாகவதர் கிராப்பு இருந்தது. 1944-ல் ‘ஹரிதாஸ்' வெளியாகி மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரைப் போல முடியைப் பின்னால் வாரிக் கழுத்துவரை விட்டவர்களில் எவரும் தன் முகத்தை டேப்பால் அளந்திருக்க மாட்டார். குரலும் கூடவே வந்துவிடும் என்று நம்பியிருப்பார்கள்.

பார்லர் பெண் எனக்கு லேயர் கட் என்றாள். காரணமும் சரியாகத்தான் சொன்னாள்: கன்னத்துக்கு நேராக முடி உப்பி நின்றால் முகம் அகலும், முகவாய்க்குக் கீழே இறங்கினால் நீளும், உச்சியில் கொஞ்சம் தூக்கினால் இன்னும் நீளும், நட்டநடு வகிடு வட்டத்தை எடுத்துக் காட்டும். எல்லாம் பொருத்தம். கும்பகோணத்து வேர்வையில் அந்த லேயர்கள் எத்தனை நாழிகை அவள் விட்ட இடத்தில் நிற்கும் என்றுதான் கேட்க மறந்தேன். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் வைத்து வாரிக் கொண்டை போட்டதும் என் முகம் பழைய இடத்துக்குத் திரும்பியது.

கண்ணாடிக் கடையில் சங்கதி வேறு. புது பிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மைனஸ் ஐந்துக்காரிக்குத் தன் முகமே தெரியாது. எதிரே ஒரு புகைமூட்டம், அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. "சூப்பரா இருக்கு மேடம்" என்கிறான் தம்பி, புகைமூட்டத்தைப் பார்த்து. பார்வைக் கோளாறு இருக்கிறவர்கள் மட்டுமே வாங்கும் பொருளை, பார்வைக் கோளாறு இல்லாதவர்கள் மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். மகள் ஐந்தடி தள்ளி நின்று ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்தாள். பழைய கண்ணாடிகளில் ஒன்றைத் தேடி எடுத்துப் போயிருந்தேன், அதை மாட்டிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருத்தி திகைத்து நின்றாள்.

கடையில் வயசான ஒருவர் உட்கார்ந்திருந்தார், லென்ஸ் தேய்க்கிறவர். வட்டமா சதுரமா என்ற விவாதத்தைக் கேட்டுச் சலித்து, ஒரு பிரேமின் காதுக்கம்பியை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். 50, ஒரு சின்னக் கட்டம், 18, பிறகு 140 என்று பொடி எழுத்து. லென்ஸின் அகலம் 50 மில்லிமீட்டர், இரண்டு லென்ஸுக்கும் நடுவில் மூக்குக்கு 18, காதுக்கம்பி 140. "மூஞ்சி வடிவத்தை விடுங்கம்மா. இது மூணும் சரியா இருந்தா எதுவும் சரியா இருக்கும்" என்றார். கடையில் எனக்குச் சிக்கிய ஒரே நிபுணர் அவர்தான். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும், அதனால் பிரேம் பெரிதாகப் பெரிதாக ஓரம் கண்ணாடிச் சில்லுபோல் பிதுங்கும். சின்னதாக எடுத்து, கருவிழி லென்ஸின் நடுவில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே படிக்கவும் மேலே தூரத்துக்கும் சேர்த்துப் புரோக்ரெசிவ் போடுவதென்றால் பிரேமுக்கு உயரமும் வேண்டும். வாய்விட்டுச் சிரித்துப் பார்க்கச் சொன்னார். சிரித்தேன். கன்னம் எழும்பி பிரேமை நெற்றிக்குத் தள்ளியது. "இது வேண்டாம், கல்யாண வீட்டுல சிரிக்கணும்" என்று தானே எடுத்து வைத்துவிட்டார். ஏழு வடிவத்தில் எதுவும் இந்தச் சோதனையைச் சொல்லவில்லை.

கடைசியில் எடுத்தது சின்னதாக, ஓரங்கள் லேசாக மேலேறிய ஒரு பிரேம். 1930-களில் அல்டினா ஷினாசி என்ற அமெரிக்கப் பெண் வெனிஸ் திருவிழா முகமூடிகளைப் பார்த்து உண்டாக்கிய பூனைக்கண் பிரேமின் தூரத்துச் சொந்தம். அதற்கு மேல் ஆன்டி கிளேர் பூச்சும் தலையில் கட்டினார்கள். "ஃபங்ஷன்ல ஃபிளாஷ் அடிக்காது மேடம்."

மேக்கப்புக்கு வருவோம். மேக்ஸ் ஃபேக்டர் என்ற ஹாலிவுட் ஒப்பனைக்காரர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு கருவி செய்தார். தலையைச் சுற்றி உலோகப் பட்டைகள், பட்டை முழுக்கத் திருகாணிகள். முகத்தில் எந்த இடம் மயிரிழை ஏறி இறங்கியிருக்கிறது என்று அளந்து அங்கே பூச்சு பூச வேண்டியது. படத்தைப் பார்த்தால் ஏதோ குற்றத்துக்குத் தண்டனை என்றுதான் தோன்றும். இப்போது அந்தக் கூண்டு இல்லை, அதன் கொள்கை மட்டும் காண்டூர் என்ற பெயரில் இருக்கிறது. அடர்நிறம் பூசிய இடம் உள்ளே போகும், வெளிர்நிறம் பூசிய இடம் முன்னே வரும்.

முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலரைக்கு மேக்கப் பெண் என் எதிரே உட்கார்ந்து, அலமாரியை நகர்த்தும் தோரணையில் "அக்கா, தாடையைக் கொஞ்சம் உள்ள தள்ளிடலாமா?" என்றாள். தள்ளினாள். மைனஸ் லென்ஸுக்குப் பின்னால் கண் சிறுத்துத் தெரியும் என்பதால் மையைக் கூடுதலாகத் தீட்டினாள்; பிளஸ் போடுகிறவர்களுக்கு லென்ஸ் கண்ணைப் பெரிதாக்கும், அதோடு ஒட்டிய மைத்துணுக்கையும் பெரிதாக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். கெட்டிக்காரப் பெண். ஒரு மணி நேரம் என் முகத்தில் மேடு பள்ளம் அமைத்து எழுப்பிவிட்டாள். அத்தை வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, என் வட்டப் பொட்டை உரித்துவிட்டு நீளப் பொட்டு ஒன்றை ஒட்டினார். "உருண்டை மூஞ்சிக்கு நெட்டப் பொட்டு. நெட்ட மூஞ்சிக்கு உருண்டைப் பொட்டு. இதுக்கு நாலரை மணிக்கு எழுந்திருக்கணுமா?" ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்து மேடு பள்ளம் செய்ததைவிட அந்தப் பொட்டு அதிகம் செய்தது.

மண்டபத்தில் ஏசி மேடைக்கு மட்டும். முதல் பந்தி முடிவதற்குள் என் தாடை வெளியே வந்துவிட்டது. குடும்பப் படத்துக்கு எங்களை மேடையில் அடுக்கினார்கள். போட்டோகிராஃபர் தம்பி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், குடையை நகர்த்தினான், மறுபடி பார்த்தான். பிறகு என்னைக் கைகாட்டி, "அத்தை, கண்ணாடியைக் கழட்டிடுங்க. ஃபிளாஷ் அடிக்குது" என்றான். கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்து, உட்காராதீர்கள் என்று எச்சரித்துவிட்டு நிமிர்ந்தேன். புகைமூட்டம். எல்லோரும் எங்கோ பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வெளிச்சமாகத் தெரிந்த பக்கம் திரும்பி நன்றாகச் சிரித்தேன். ஆல்பம் போன வாரம் வந்தது. இருபது பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் தவில்காரரைப் பார்த்துச் சிரிக்கிறேன், அவரும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.