ஊதி ஊதித் தின்னும் உமி: கேள்வி – பதில்

உமியிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்கிறார்களே, நிசமா, கதையா?
*மில் தொழிலாளி, ஆலையடிவேம்பு*

நிசம்தான். உமியை எரிய விட்டால் சாம்பல். போதாத காற்றில் புழுங்க விட்டால் வாயு. வாய் மூடிய உலைக்குள் முதலில் ஈரம் போகும், பிறகு புகை பிரியும். அந்தப் புகை 800 பாகைக்கு மேல் தகிக்கும் கரிக்குள் நுழைந்து வரும்போது காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக மாறும். கூடவே பாதியளவு நைதரசன், சும்மா பயணம் செய்யும் ஆள். இதைக் குளிர வைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குக் கொடுத்தால் ஜெனரேட்டர் சுழலும். 100 கிலோ நெல் குத்தினால் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதில் சுமார் 10 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். சோறு தனி.

வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? நாங்கள்தான் எலியா?
*ஆசிரியர், திருக்கோவில்*

பயப்படாதீங்க, சேர். இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் கிடைக்காத ஐரோப்பாவில் கார்களும் லொறிகளும் விறகு உலையை முதுகில் சுமந்து ஓடின. 2007இல் பீகாரின் தம்குஹா கிராமத்தில் ஹஸ்க் பவர் நிறுவனம் உமி வாயுவால் விளக்கேற்றியது. பிறகு அதே நிறுவனம் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டது. காரணம் அடுத்த பதிலில்.

என் மில்லில் உமி மலைபோலக் கிடக்கிறது. இலவசமாகவே தருகிறேன். யாராவது உலை போடுவார்களா?
*மில் முதலாளி, அக்கரைப்பற்று*

இன்றைக்கு இலவசம், முதலாளி. உலை ஓடத் தொடங்கிய மறுமாதம் நீங்களே உமியைத் தராசில் வைப்பீர்கள். நெல் அவிக்கும் கொதிகலனும் செங்கல் சூளையும் கோழிப் பண்ணையும் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் இறைக்க 9 கிலோவாட் வாயு உலை வைத்தது. 2006இல் அதே ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலைக்குப் போனது. காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை. “நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வாறேன், ஊதி ஊதித் தின்போம்” என்றவனைப் பார்த்துச் சிரித்தோம். இனி அவனோடுதான் ஒப்பந்தம் எழுத வேண்டும், அதுவும் பத்து வருடத்துக்கு. மேலே கூரை போடவும் மறக்காதீங்க. மார்கழி மழையில் நனைந்த உமி வாயு தராது, புகைதான் தரும்.

ஊர்க் குப்பை முழுவதையும் அந்த உலையில் கொட்டினால் என்ன? குப்பையும் தீரும், கரண்டும் வரும்.
*வியாபாரி, கல்முனை*

கொட்டலாம் நானா. அடுத்த நாள் உலையையும் குப்பையோடு சேர்த்துக் கொட்ட வேண்டும். வாயு உலைக்கு ஈரம் 20 வீதத்துக்குள் இருக்க வேண்டும், துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். சந்தைக் குப்பையில் சூரை மீன் தலை, வாழைத்தண்டு, பம்பர்ஸ், சொப்பிங் பேக் எல்லாம் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஈரமானவற்றுக்குச் சாணவாயுத் தொட்டி இருக்கிறது, பசளைக் கிடங்கு இருக்கிறது. காய்ந்த சிரட்டை, விறகு, உமிதான் இந்த உலைக்கு. கெரவலப்பிட்டியில் 2021 முதல் குப்பையில் 10 மெகாவாட் எடுக்கிறார்களே என்பீர்கள். அது நேரே எரித்து நீராவி ஆக்கும் வேலை, வேறு சாதி, வேறு செலவு.

பிரிக்காமல் கொட்டுவதன் கணக்கு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் 20 யானைகள் வரை செத்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. உலைக்கும் யானை வயிறுதான், நானா. போட்டதெல்லாம் உள்ளே போகும், செரிக்காது. கல்முனைச் சந்தையில் இரண்டு வாளி வைக்க முடியாதவர்கள் உலைக்கு டெண்டர் போட வேண்டாம் என்பது என் கட்சி.

எஞ்சின் பழுதாகுமாமே?
*மெக்கானிக், தம்பிலுவில்*

தார், தம்பி, தார். வாயுவோடு வரும் அந்தக் கறுப்புப் பிசின் வால்வில் ஒட்டினால் உனக்கு வருமானம், முதலாளிக்குத் தலைவலி. அதைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. “களப்பில்” என்று பதில் சொல்பவரிடம் உலையை ஒப்படைக்காதே.

2022இல் கேஸ் வரிசையில் நின்றே செருப்புத் தேய்ந்தது. வீட்டுக்கு உமி அடுப்பு கிடையாதா?
*குடும்பத் தலைவி, அட்டாளைச்சேனை*

உண்டு, ராத்தா. பிலிப்பைன்சின் அலெக்சிஸ் பெலோனியோ சின்ன விசிறி வைத்த உமி வாயு அடுப்பு செய்தார். நீலச் சுடர் வரும், 2008இல் ரோலெக்ஸ் விருதும் வந்தது. ஆனால் அதே காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இங்கேயும் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, உங்கள் மாமியாராலும் கண்டுபிடிக்க முடியாது. கதவு, யன்னல் திறந்த குசினி என்றால் மட்டும் வாங்குங்கள்.

மிஞ்சும் சாம்பலை என்ன செய்வது?
*உமிக்கரியால் பல் விளக்கியவர், பனங்காடு*

ஐயா, 100 கிலோ உமிக்கு 20 கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பங்கு சிலிக்கா. பதமாக எரிந்திருந்தால் சீமெந்தோடு கலக்கலாம், வயலுக்கும் போடலாம். கரி மிஞ்சினால் அதைப் பற்பசைக் கம்பனிக்காரர் “சார்கோல்” என்று அழகான பெட்டியில் விற்பார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.