மடியில் கனல்

மடிக்கணினிக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் அதை மடியில் வைத்துப் பார்த்ததில்லை போலும். அதனுடன் வரும் கையேடுகளே நெடுநேரம் மடியில் வைக்க வேண்டாமென்று எச்சரிக்கின்றன. இது வெற்று அச்சமன்று. குளிர்நாடுகளில் கணப்படுப்பின் முன் நாளெல்லாம் அமர்ந்திருந்தோரின் தோலில் வலைபோலப் படரும் செந்தடத்தை மருத்துவர்கள் 'எரிதீமா அப் இக்னே', அதாவது லத்தீனில் 'நெருப்பால் வந்த சிவப்பு', என்பர். அடுப்புகளோடு அருகிவந்த இக்குறைபாட்டைத் தொடைக்கு இடம்மாற்றி வாழவைத்த பெருமை மடிக்கணினியைச் சாரும்.

ப்ராசஸர், அதாவது கணக்கிடும் சில்லு, உண்ணும் மின்சாரம், விடை சரியாயினும் தவறாயினும், வெப்பமாகவே வெளியேறுகிறது. 45 வாட் உண்ணும் சில்லு 45 வாட் அடுப்பே; இடையில் கணக்கும் போடுகிறது என்பது உபரி. கடிதம் தட்டச்சிடும்போது அடக்கமாயிருக்கும் இவ்வடுப்பு, திருமண வீடியோவைத் தொகுக்கச் சொன்னதும் வேகத்தோடு மின்னழுத்தத்தையும் உயர்த்திக்கொள்கிறது. செலவாகும் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவதால், வேகம் சிறிதும் சூடு பெரிதுமாகக் கூடுகின்றன. ஹீட் பைப் எனும் செப்புக்குழாய், உள்ளே அடைபட்ட சிறிதளவு நீர் ஆவியாகியும் குளிர்ந்தும் சுழல, அச்சூட்டை ஓரத்திற்குக் கடத்துகிறது. அங்கே ஃபேன் அதை ஊதித் தள்ளுகிறது.

அடுக்களையில் மிக்ஸி ஓடுகிறதா என்று பெரியவர்கள் எட்டிப்பார்ப்பது இக்கட்டத்தில்தான். ஃபேனின் வேகம் இருமடங்கானால் காற்றும் இருமடங்காகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் கூடும், 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இருமடங்காகத் தோன்றும். செய்யும் வேலையைவிடச் சத்தம் மிகுவது சம்பந்தி வீட்டாருக்கு மட்டுமே உரிய இயல்பு என்று கருதுவோர் இவ்விதியைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு இரைந்தாலும் ஃபேன் அறைக்காற்றினும் குளிர்ந்த காற்றைத் தராது. கத்திரி வெயிலில் சென்னை அறைக்காற்றே 40 பாகையைத் தொடும்போது அதன் பாடு பரிதாபமே. மெத்தைமேல் வைத்துக் காற்றுத்துளைகளை அடைப்பவர்களும், ஆண்டுக்கணக்கில் தூசியைச் சேமிப்பவர்களும் மூச்சுத் திணறும் அவ்வுயிரையே பழிக்கிறார்கள். சூடு ஏறத்தாழ 100 பாகையை எட்டியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 'த்ராட்டிலிங்' எனப்படும் இச்செயல், உச்சிவெயிலில் கொத்தனார் மரத்தடியில் ஒதுங்குவதை ஒத்தது, ஆனால் கொத்தனாரை யாரும் பழுதென்று கருதிக் கடைக்குத் தூக்கிச் செல்வதில்லை.

வீடியோ முடிந்து திரை அமைதியான பின்னும் ஃபேன் சிறிதுநேரம் இரைந்துகொண்டேயிருக்கும், வேனில் ஏறி அமர்ந்த பிறகும் பந்தியில் அப்பளம் வராததைச் சொல்லிக்கொண்டே போகும் சம்பந்தியைப்போல.