இருக்கையியல்: ஆடவர் மிதிவண்டி அமர்விற்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

மாணாக்க, நன்கு அமர்ந்து கேள். ஆடவன் மிதிவண்டியில் அமருமாறு கூறுதல் இந்நூல் நுதலிய பொருள். ஏறியவன் இறங்கியபின், தன் உறுப்பனைத்தும் தன்னோடு உள்ளன என உணர்தல் நூற்பயன்.

இத்துறைக்கு முன்னோர் இருவர். ஒருவர், இப்போக்கிரட்டீசு பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூலை எழுதியவர். சித்தியக் குதிரையோட்டிகளின் ஆண்மைக் குறைவிற்கு இடையறாத குதிரையேற்றமும் காற்சட்டையும் வழிகோலின என்றார் அவர். மற்றொருவர், 1866-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோற்பொருள் தொழில் தொடங்கிய சான் புரூக்சு. தம் குதிரை இறந்தமையின் மிதிவண்டி ஏறினார் என்றும், அதன் இருக்கை பொறாது தாமே தோலிருக்கை செய்தார் என்றும் வழிவழிக் கூறுவர். 1882-இல் தம் இருக்கைக்குக் காப்புரிமை நாடினார். முன்னவர் நோய் கண்டார், பின்னவர் கடை கண்டார் எனக் கொள்க.

முதல் இயல்: உறுப்பு

அமர்வுறுப்பு இருவகைப்படும்.

1. தாங்கி: இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் புடைத்த முனைகள். இவற்றை இருப்பெலும்பு என்க. மரப்பலகையில் உள்ளங்கைகளை வைத்து, அவற்றின்மேல் அமர்ந்து பார். கையை நோகச் செய்வன அவையே.

2. தாங்கா: இருப்பெலும்பு இரண்டிற்கும் இடைப்பட்ட கவட்டிடை. ஆண்குறிக்குரிய நரம்பும் குருதிக்குழாயும் இவ்வழியே செல்லும். மேலே உடற்பொறையும் கீழே இருக்கையின் முன்னீட்சியாகிய மூக்கும் நெருக்க, நடுவே நசுங்குவன இவை.

இவ்வியலுக்கு நூற்பா ஒன்றே: எலும்பு தாங்குக, தசை தாங்கற்க.

இரண்டாம் இயல்: மரப்பு

தாங்கா தாங்கியவிடத்து உணர்வு ஒழிதல் மரப்பு எனப்படும். அது மூவகைத்து.

1. ஓட்ட மரப்பு: மிதிக்கும்போதே தோன்றி, எழுந்து நின்று மிதித்த சிறுபொழுதில் நீங்குவது.

2. இறக்க மரப்பு: வீட்டு வாயிலில் இறங்கி, வண்டியைச் சாய்த்து நிறுத்தி, நாலடி நடந்த பின்னரே அறியப்படுவது.

3. எச்ச மரப்பு: உறங்கி எழுந்தும் எஞ்சி நிற்பது. இதற்கு இந்நூலுள் மருந்தில்லை. மருத்துவரிடம் செல்க.

மரத்தோனும் மூவகையன்: சொல்லான், பிறர்க்கெனச் சொல்வான், தனக்கெனச் சொல்வான். "என் நண்பன் ஒருவனுக்கு" எனத் தொடங்குவோன் இரண்டாம் வகையன். அந்நண்பனுக்கும் இவனுக்கும் இருப்பெலும்பின் அகலம் என்றும் ஒன்றே. தனக்கெனச் சொல்வானை நூலோர் தேடி வருகின்றனர்.

எனினும் அஞ்சற்க. மிதிவண்டியோட்டிகளை நீந்துவோரோடும் ஓடுவோரோடும் ஒப்பிட்டு, 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழில் அச்சேறிய ஆய்வு, ஆண்மைச் செயலில் இவர் அவரினும் தாழ்ந்திலர் எனக் கண்டது. ஓட்டப்பொழுதில் 20 விழுக்காட்டிற்கு மேல் எழுந்து நின்று மிதித்தோர்க்கு மரப்பு குறைந்தது என்றும் அது கூறும். ஆதலின் இருக்கையியலுள் எழுதலும் அடங்கும்.

மூன்றாம் இயல்: இருக்கை

இருக்கை நால்வகைப்படும்.

1. பஞ்சிருக்கை: குறுகிய உடலும் நீண்ட மூக்கும் தடித்த மெத்தையும் உடையது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போன் வாங்குவது இது. விரலுக்கு இனியது வேறு, இருப்பெலும்பிற்கு இனியது வேறு. எலும்பு மெத்தையுள் அமிழுந்தோறும் மெத்தையின் நடு மேலெழுந்து கவட்டிடையை நெருக்கும்.

2. தோலிருக்கை: மெத்தை இல்லாதது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தடித்த தோல், தூளி போலத் தொங்கித் தாங்கும். நாட்பட அமர்வோனின் எலும்பிற்கேற்பக் குழியும். குழியுமளவும் அவனே குழைவான்.

3. பிளவிருக்கை: கவட்டிடை படும் நடுவிடத்தை ஒழித்தது. இது பள்ளப் பிளவு, துளைப் பிளவு என இரண்டாம். துளை ஒடுங்கியதாயின் அதன் விளிம்பே புதிய மூக்காகும்.

4. மூக்கிலி: முன்னீட்சி அறவே ஒழிந்தது. காண்போர் நகைப்பது, அமர்வோன் நகையாதது.

இவற்றின் ஏற்றத்தாழ்வைச் செருமனியின் கோலோன் நகர மருத்துவர் அளந்தனர். உணரியை ஆண்குறித் தோலில் ஒட்டி, உயிர்வளி அழுத்தம் எவ்வளவு குறைகிறது எனக் கண்டு 2002-இல் வெளியிட்டனர். குறுகித் தடித்த மெத்தையுடையதில் 82 விழுக்காடு குறைந்தது. பெண்டிர்க்கென ஆக்கிய, மூக்கில்லாத அகன்ற இருக்கையில் ஏறத்தாழ 20 விழுக்காடே குறைந்தது. இது கற்றபின் அவ்விருக்கை வாங்கச் செல்லும் ஆடவன், "வீட்டில் அவளுக்கு" என்பான். அவன் மேலை இயலில் கூறிய இரண்டாம் வகையுள் அடங்குவான்.

மூக்கிலிக்குச் சான்று காவலர். அமெரிக்கப் பெருநகர்கள் ஐந்தில் மிதிவண்டியில் வலம்வரும் காவலர் 90 பேர்க்கு மூக்கிலி கொடுத்து 6 திங்கள் ஓட்டச் செய்தனர். முன்பு மரப்பே அறியாதோர் 27 விழுக்காட்டினர், பின்பு 82 விழுக்காட்டினர். 2008-இல் வெளிவந்த இவ்வாய்வின் இறுதியில் மூக்கிலியைக் கைவிட்டிருந்தோர் மூவரே. மூக்கின்மேல் அவர்க்கிருந்த பற்று தனி நூலுக்குரியது.

நான்காம் இயல்: புணர்ச்சி

இருப்பெலும்பும் இருக்கையும் கூடுதல் புணர்ச்சி எனப்படும். அது இயல்பு, வேறுபாடு என இரண்டு.

இயல்புப் புணர்ச்சிக்கு வேண்டுவன மூன்று.

1. அகலம்: பெட்டி அட்டை ஒன்றை வன்பலகைமேல் இடுக. அதன்மேல் அமர்ந்து, முன்குனிந்து, குதிகால் உயர்த்துக. எழுந்தபின் இரு குழிகள் தோன்றும். தோன்றாவிடின் சுண்ணக்கட்டியைக் கிடையாகத் தேய்க்க, குழி வெளுக்காது நிற்கும். குழியின் நடுவிலிருந்து குழியின் நடுவரை மில்லிமீட்டரில் அளந்து, அவ்வளவினும் சற்றே அகன்ற இருக்கை கொள்க. 143, 155 என இருக்கையின் அடியில் பொறித்திருப்பது அவ்விருக்கையின் அகலமே, விலையன்று.

2. உயரம்: கவடு முதல் தரை வரை உட்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்குக. மிதிகளைத் தாங்கிய கோல்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை அத்தொகை நிற்கவேண்டும். உட்கால் 80 செ.மீ. ஆயின் உயரம் 70.6 செ.மீ. இது பிரான்சின் மிதிவண்டிப் பயிற்றுநர் கிமார் வகுத்து, அவர் மாணாக்கரான அமெரிக்கப் பந்தய வீரர் இலெமாண்டு பரப்பிய கணக்கு. இது தொடக்கமே, முடிபன்று.

3. சாய்வு: மட்டமாக வைத்துத் தொடங்குக. வேண்டின் மூக்கை ஓரிரு பாகை தாழ்த்துக.

வேறுபாட்டுப் புணர்ச்சி தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாம்.

தோன்றல்: உயரம் மிக்கவிடத்து, கால் எட்டாமையின் இடுப்பு இருபுறமும் ஆட, இல்லாத தேய்ப்புண் தோன்றும்.

திரிதல்: மூக்கு மிகத் தாழ்ந்தவிடத்து, உடல் முன்வழுகக் கைகள் தாங்க, கவட்டு மரப்பு கைம்மரப்பாகத் திரியும். இதனை நலம் என மயங்கற்க.

கெடுதல்: அகலம் குறைந்தவிடத்து, எலும்பு இருக்கையின் புறத்தே நழுவ, தாங்கி கெட்டுத் தாங்கா நிற்கும்.

ஐந்தாம் இயல்: பொருத்துநர்

ஓட்டுவோன் உடற்கேற்ப இருக்கையை அமைப்போர் பொருத்துநர் எனப்படுவர். அவர் மூவகையர்.

1. கட்பொருத்துநர்: கடைவாயிலில் நின்று நோக்கி, "சரியாத்தான் இருக்கு, ஓட்டுங்க" என்பவர்.

2. குண்டுப் பொருத்துநர்: கொத்தரின் தூக்குக்குண்டை முழங்காற் சிப்பியின் கீழிருந்து தொங்கவிட்டு, மிதியின் அச்சில் விழுகிறதா எனப் பார்ப்பவர்.

3. கருவிப் பொருத்துநர்: தோள், இடுப்பு, முழங்கால், கணுக்காலில் ஒளிப்பொட்டுகள் ஒட்டி, ஓடாத வண்டியில் மிதிக்கச் செய்து, மடக்கத்தைப் பாகையில் கணிப்பவர்.

மூவரும் இறுதியில் செய்வது, அறுமுனைச் சாவியால் மரையைத் தளர்த்தி, இருக்கையை ஐந்து மில்லிமீட்டர் நகர்த்தி, மீண்டும் முடுக்குதல்.

பொருத்துநர்க்கு அடங்காதது ஒன்றுண்டு. அது கைப்பிடித் தாழ்வு. கைப்பிடி இருக்கையினும் தாழ, இடுப்பு முன்சரிந்து, பொறை எலும்பு நீங்கிக் கவட்டிடை புகும். இருக்கைக்கு நிகராகவோ உயர்வாகவோ வைத்தோர்க்கு மரப்பு குறைந்தது என முற்கூறிய 2018 ஆய்வும் உரைக்கும். பந்தயத்தார் காற்றை வெல்லத் தாழ்த்துவர். பால் வாங்கச் செல்வோன் தாழ்த்துவதும் காற்றை வெல்லவே எனக் கொள்க. எக்காற்று என வினவற்க.

புறனடை

இந்நூலுட் கூறாது ஒழிந்தன எல்லாம் கூறியவற்றுள் அடக்கிக் கொள்க. வீட்டினுள் நிலைநிறுத்திய வண்டியில், திரையை நோக்கி ஒரு மணிப்பொழுது எழாது மிதிப்போனுக்கு மரப்பு விரைந்து வரும். அவ்வண்டி ஓடுவதில்லை, ஆயினும் அது ஓட்ட மரப்பே.