ஒற்றை எஸ் படுத்தும் பாடு

அவன், அவள், அவர், அவை என்று யார் வந்தாலும் வினைமுற்றைத் தூக்கத்தில்கூடச் சரியாக மாற்றிவிடுகிற தமிழர், ஆங்கிலத்தில் ஒரே ஒரு எஸ்ஸில் தடுக்கி விழுகிறார். 'ஷீ கோ டு ஆபீஸ்' என்பார். யாராவது திருத்திவிட்டால் ரோஷம் வந்து, 'டஸ் ஷீ கோஸ் டு ஆபீஸ்?' என்று பாக்கியை வட்டியோடு அடைப்பார். 'டஸ்' வந்தபோதே எஸ்ஸின் வேலை முடிந்தது, 'கோ' மொட்டையாகத்தான் நிற்க வேண்டும் என்றால் அவர் நம்பமாட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெயர்ச்சொல்லில் ஒட்டினால் பன்மை, வினைச்சொல்லில் ஒட்டினால் ஒருமை என்பது என்ன நியாயம்? 'பாய் ரன்ஸ்', 'பாய்ஸ் ரன்'. வீட்டில் இருப்பது ஒரே குடை. எழுவாய் எடுத்துக்கொண்டு போனால் பயனிலை நனைய வேண்டியதுதான். 'மென் ரன்' என்னும்போது குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு இருவருமே நனைகிறார்கள்.

ஆங்கிலத்திலேயே பிறந்து வளரும் குழந்தைகளுக்கும் இது சுலபமில்லை. அமெரிக்கக் குழந்தைகள் மூவரின் பேச்சை ஆராய்ந்து ராஜர் பிரவுன் 1973-இல் எழுதிய நூலின்படி, முதலில் படிவது பன்மை எஸ். அடுத்து உடைமை எஸ். வினை எஸ் அதற்கும் பிறகுதான். இங்கிலாந்தின் நாரிச் பக்கம் பெரியவர்களே 'ஷீ கோ' என்பதுண்டு. அதற்குப் பெயர் வட்டார வழக்கு. மதுரைக்காரர் சொன்னால் மட்டும் பிழை!

இத்தனைக்கும் இந்த வினை எஸ் லண்டனுக்கே வெளியூர்ச் சரக்கு. வட இங்கிலாந்திலிருந்து இறங்கி வந்தது. தெற்கே அந்த இடத்தில் 'எத்' இருந்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் அதையே பிடித்துக்கொண்டது. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்துகட்டி எழுதினார். அவரை யாரும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

உடைமை எஸ்ஸுக்கு முன்னால் வரும் அப்போஸ்ட்ரபி தனிக் கூத்து. லண்டன் பிக்காடில்லி ரயில் தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள் ஏர்ல்ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட். முன்னதற்கு அப்போஸ்ட்ரபி உண்டு, பின்னதற்கு இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் தன் பெயரிலிருந்தே அதைக் கழற்றி எறிந்தது. காய்கறிக் கடைக்காரர்களோ தக்காளிப் பன்மைக்கும் தாராளமாகச் சூட்டுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பொறுக்காத ஜான் ரிச்சர்ட்ஸ், பத்திரிகைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், 2001-இல் அப்போஸ்ட்ரபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி, 2019-இல், 96 வயதில், கடையை மூடுவதாக அறிவித்தார். அந்தச் செய்தி பரவிய பிறகுதான் சங்கத்தின் இணையதளத்தில் தாங்கமுடியாத கூட்டம்.