பதின்மூன்று கோடி வருடக் காடும் ஒரு டப்பா சுண்ணாம்பும்

சித்தியவானில் பிறந்து காட்டுக்குள் போனவர் என்றால் ஊரில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது சின் பெங்தான். 1948-இல் ஆயுதப் போராட்டம் தொடங்கிய கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் அவர். சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1989-இல். நானும் அம்மாவும் ராயல் பெலும் காட்டுக்குப் போனது சனி, ஞாயிறுக்கு மட்டும். அம்மா கட்டிய சோற்று மூட்டையோ 1989 வரை தாங்கும்.

வழியில் கோலகங்சாரில் இறங்கினோம். 1877-இல் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. தோட்டத்தில் பிறந்து பால் வெட்டிய அம்மா, இடுப்பில் கைவைத்து அதை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குத்தான் எங்க தாத்தாவக் கப்பலேத்துனாங்களா?"

பண்டிங்கில் படகேறி, தெமெங்கோர் ஏரியைத் தாண்டினால் காடு. 1,17,500 ஹெக்டர், 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள். மலேசியாவின் பத்து வகை இருவாட்சிகளும் இங்கே உண்டு. எங்களுக்கு ஒன்றுகூடக் காட்சி தரவில்லை, அம்மாவின் குரல் அப்படி. 13 கோடி வருடப் பழமை என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். அம்மாவுக்கு மலாயிலிருந்து மாற்றிச் சொன்னேன்.

"அத்தன வருசமா களை எடுக்கலியா? ஒரு மரமாச்சும் நெரையில நிக்கிதா பாரு. எங்க தொரை பாத்திருந்தா கிராணிக்கு அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சிருக்கும்."

ரஃப்லேசியாவும் பூத்திருந்தது. இலை கிடையாது, தண்டு கிடையாது. காட்டுக்கொடி ஒன்றை உறிஞ்சியே வளர்கிறது. மொட்டு விரியப் பல மாதம், விரிந்தபின் ஒரு வாரம் தாங்காது, அதற்குள் அழுகிய இறைச்சி நாற்றம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன் சின்ன மாமாவேதான்" என்றார்.

அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை காலுறை வாங்கி மாட்டியிருந்தேன். நாற்பது வெள்ளி. அட்டை அதை மதித்து, சட்டைக் காலர் வழியாக வந்தது. கழுத்தில் ஈரமாக ஏதோ ஊர, தொட்டால் விரல் பிசுபிசுத்தது. நான் போட்ட கூச்சலில் வழிகாட்டியே பதறிவிட்டார். கைலியும் ஜப்பான் சிலிப்பருமாக வந்த அம்மா நிதானமாக வெற்றிலைப் பையைத் திறந்தார். நகக்கண்ணில் துளி சுண்ணாம்பு எடுத்து அதன் வாயோரம் தடவினார். சுருண்டு விழுந்தது.

"மக்சிக், எனக்கும் கொஞ்சம்" என்று வழிகாட்டி உள்ளங்கையை நீட்டினார். அவர் காலில் மூன்று.

ராயல் பெலுமுக்குள் சாலை இல்லை, படகுதான். போகிறவர்கள் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சுண்ணாம்புக்கு அனுமதி கேட்பதில்லை.