சீமாட்டிகளின் சத்திரம்

1900களின் தொடக்கத்தில், நியூயார்க் பெண்மணி ஒருத்தி கோடீஸ்வரியாகவே இருந்தாலும், கூட ஓர் ஆண்பிள்ளை வராவிட்டால் பெரிய ஓட்டல்கள் பலவற்றில் அறை கிடைக்காது. பெட்டியும் கையுமாகத் தனியே வந்து நிற்பவள் நல்ல குடும்பத்துப் பெண்தானா என்று ஓட்டல் குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆண்களுக்கோ அங்கே போய்த் தங்கிக்கொள்ளக் கிளப்புக்குப் பஞ்சமே இல்லை. நண்பர் ஒருவரை ஒரு கிளப்பில் சேர்க்க மறுத்தார்கள் என்ற கோபத்தில், ஜே. பி. மார்கன் 1891இல் புதிதாக இன்னொரு கிளப்பையே ஆரம்பித்தார் என்பார்கள். நாமெல்லாம் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவதோடு சரி.

வங்கிக்காரர் மனைவி ஃப்ளாரன்ஸ் ஹாரிமனுக்குப் பொறுக்கவில்லை. 1903இல் சிநேகிதிகளைக் கூட்டிக் ‘காலனி கிளப்’பைத் தொடங்கினார். கூட்டாளிகளில் ஒருவர் ஆன் மார்கன். மேற்படி கோபக்காரரின் மகள்.

தேசம் பதறியது. இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த குரோவர் கிளீவ்லாந்து 1905இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் கட்டுரை எழுதி, பெண்ணுக்குப் பத்திரமான கிளப் அவள் வீடுதான் என்று உபதேசித்தார். இந்தக் குடும்ப விளக்கு 49 வயதுவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதைப் பத்திரிகை நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

சீமாட்டிகள் அசரவில்லை. மேடிசன் அவென்யூவில் கட்டடம் கட்ட அன்றைய நட்சத்திரக் கட்டடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்டு ஒயிட்டைப் பிடித்தார்கள். மார்கனின் கிளப்பை வடிவமைத்ததும் அவர் நிறுவனம்தான். மனிதர் கெட்டிக்காரர், பெண்கள் விஷயத்தில் மட்டும் பெயர் அவ்வளவு சரியில்லை. பெண்களின் மானத்தைக் காக்கும் மாளிகையைக் கட்ட இவரைவிடப் பொருத்தமானவர் யார்! 1906 ஜூன் 25 இரவு, தான் வடிவமைத்த மேடிசன் ஸ்கொயர் கார்டன் மாடியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவரை, நடிகை ஈவ்லின் நெஸ்பிட்டின் கணவர் ஹாரி தா சுட்டுக் கொன்றார். பழைய கணக்கு. கிளப் கட்டடம் அப்போது அரைகுறையாக நின்றது.

உள் அலங்காரத்தை ஒயிட் சிபாரிசில் எல்சி டி வுல்ஃபிடம் கொடுத்திருந்தார்கள். எல்சி முன்னாள் நடிகை. அவர் நடிப்பைவிடப் போட்டுவந்த உடைகளைத்தான் ஊர் மெச்சியது. பணக்கார வீடுகள் இருண்ட வெல்வெட் திரைக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. எல்சி சன்னல்கள் வழியே வெளிச்சம் விட்டார், மெத்தைக்கும் திரைக்கும் பூப்போட்ட சீட்டித் துணி போட்டார், ஓர் அறை முழுக்கக் கொடிப்பந்தல் போல மரச்சட்டம் அடித்துத் தோட்டத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்தார். ‘சீட்டிச் சீமாட்டி’ என்று பட்டம் கிடைத்தது. சீட்டியின் பூர்வீகம் நம் சோழமண்டலக் கரை. ஆனால் பட்டம் எல்சிக்குத்தான்.

1907இல் கதவு திறந்தது. உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், தங்குவதற்கு அறைகள். குளத்தில் குதித்ததால் எந்தக் குடும்பமும் முழுகியதாகத் தகவல் இல்லை.

1909 டிசம்பரில் வேலைநிறுத்தத்தில் இருந்த சட்டைத் தொழிற்சாலைப் பெண்கள் சிலரை இங்கே அழைத்துப் பேசவைத்தார்கள். வாரச் சம்பளத்தையும் போலீஸ் அடியையும் அந்தப் பெண்கள் விவரிக்க, வைர மாலைகள் உச்சுக்கொட்டின. தொப்பியைச் சுற்ற விட்டு வசூலித்தது 1,300 டாலர். கேட்டவர்களின் சொத்தைப் பார்த்தால், தொப்பி கொஞ்சம் வேகமாகத்தான் சுற்றியிருக்க வேண்டும். அடுத்த மாதமே, சோஷலிஸ்டுகள் இந்தப் போராட்டத்தைத் தம் பக்கம் இழுக்கிறார்கள் என்று ஆன் மார்கன் கண்டன அறிக்கை விட்டார்.

1916இல் பார்க் அவென்யூவில் இன்னும் பெரிய மாளிகைக்குக் குடிபோனார்கள். அங்கே ஆண்களின் கிளப்புகளிடமிருந்து ஒரு பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது தெரிந்தது: யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பாடம். 1930களில் நிதியமைச்சரின் மனைவி எலினார் மார்கெந்தாவுக்கு, யூதர் என்பதால் இடமில்லை என்றார்கள். உறுப்பினராக இருந்த ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். ஓட்டல் குமாஸ்தாவாவது ஆண்துணை வந்தால் சாவி கொடுத்துவிடுவான்.

மேடிசன் அவென்யூவில் விட்டுப்போன கட்டடத்துக்கு 1963இல் அமெரிக்க நாடகக் கலை அகாதமி குடிவந்தது. எல்சி அலங்கரித்த கூரையின் கீழ் இப்போது நடிப்புச் சொல்லித் தருகிறார்கள். அவருக்குத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.