அரை நாள் போகம்

(இடம்: பெங்களூருக்கு வடக்கே, தேவனஹள்ளி பக்கம் ஒரு ராகி வயல். பேசுகிறவர்கள்: தனியார் பள்ளியின் ‘அனுபவக் கல்வி’ ஒருங்கிணைப்பாளர் மேடம், தலைமுறைகளாக இங்கேயே பயிர் செய்யும் தமிழ்ப் பெரியவர்.)

மேடம்: ஐயா, வியாழக்கிழமை நூறு பிள்ளைங்க வர்றாங்க. ஒன்பதரைக்கு விதைப்பு, பத்தரைக்குக் களையெடுப்பு, பதினொண்ணரைக்கு அறுவடை. அப்புறம் ராகி முத்தெ சாப்பாடு.

பெரியவர்: ராகி விளைய நாலு மாசம் ஆகும்மா.

மேடம்: எங்ககிட்ட அரை நாள்தான் இருக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

பெரியவர்: நான் பண்ணிக்குவேன். மழை பண்ணிக்குமான்னு கேட்டுச் சொல்றேன்.

மேடம்: மழையே வேண்டாம். ஷூ சேறானா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க.

பெரியவர்: அப்ப எதுக்கும்மா இந்தப் பாடு?

மேடம்: 2020 தேசியக் கல்விக் கொள்கை! ஆறாவதுலேர்ந்து எட்டாவதுக்குள்ள பத்து நாள் புத்தகப்பை இல்லாம இருக்கணும்.

பெரியவர்: என் பேத்தியோட வாத்தியார் படிச்சுச் சொன்னார். தச்சர், தோட்டக்காரர், குயவர்கிட்டப் போய் வேலை பழகணும்னுல்ல இருக்காம்? வேடிக்கை பார்க்கச் சொல்லலையே.

மேடம்: பழகறதுதான். ஆளுக்கு ஒரு பிடி ராகி தூவுவாங்க, போட்டோ எடுப்போம். நீங்க இந்த டி-ஷர்ட்ல வராதீங்க. வேட்டி, தலைப்பாகை கட்டிக்கோங்க. டிராக்டரைக் கொட்டகைக்குப் பின்னால மறைச்சுட்டு ஏரும் மாடும் நிறுத்திடுங்க.

பெரியவர்: மாட்டை எப்பவோ வித்தாச்சு. ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடற ஜோடி ஒண்ணு இருக்கு. மேளம் கேட்டாத்தான் நடக்கும்.

மேடம்: அருமை, மேளமும் வரட்டும்! அப்புறம் ‘கிராமத்துத் தொழில் வாய்ப்பு’ன்னு பத்து நிமிஷம். உங்க பையன் பேசுவாரா?

பெரியவர்: பேஷா. ஏர்போர்ட்ல டாக்சி ஓட்டறான். 2008-ல ஏர்போர்ட் திறந்ததுலேர்ந்து இந்தப் பக்கம் தவறாம விளையறது அதுதான்.

மேடம்: ஐயோ, பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி ஏதாவது?

பெரியவர்: இருக்கே. பக்கத்துல 13 ஊர்ல 1,777 ஏக்கரை விமானத் தொழில் பூங்காவுக்குன்னு எடுக்கப் பார்த்தாங்க. குடியானவங்க மூணு வருஷத்துக்கு மேல போராடினாங்க. 2025 ஜூலை 15-ல அந்தத் திட்டத்தைக் கைவிடறதா முதலமைச்சர் சித்தராமையா அறிவிச்சார். நிலத்தைக் காப்பாத்தறதும் விவசாய வேலைதானே? அவங்ககிட்டக் கூட்டிட்டுப் போங்க.

மேடம்: போராட்டமெல்லாம் பேக்கேஜ்ல வராதுங்க. பெத்தவங்கள்ல பாதிப் பேர் இந்தப் பக்கம்தான் சைட் தேடறாங்க.

பெரியவர்: சரி, எனக்கு எவ்வளவு?

மேடம்: பிள்ளைக்கு 1,500 வாங்கறோம். அதுல உங்களுக்கு 300.

பெரியவர்: நூறு பிள்ளைக்கு 30,000. 2025-26-க்கு ராகி ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஆறு குவிண்டால் விளைச்சல், அதுவும் அரை நாள்ல! அடுத்த போகம் ராகியை விட்டுட்டு உங்க பிள்ளைங்களையே பயிர் வெச்சுக்கறேன்.

மேடம்: ராகி இல்லாட்டி பிள்ளைங்க எதைப் பார்ப்பாங்க?

பெரியவர்: அதான் தலைப்பாகை கட்டச் சொல்லிட்டீங்களே!